அண்ணன் கேட்ட ஒரு கிழமை

"விருந்தாளியள் விரும்பினா, விடிய எழும்பி மாட்டில பால் கறக்கலாமாம்," என்று மகள் அனிட்டா மடிக்கணினியைப் பார்த்து வாசித்தாள்.

என் கணவர் சூசை உறிஞ்சிக்கொண்டிருந்த மீன் தலையைத் தட்டில் வைத்தார்.

"ஆர் கறக்கிறது?"

"நாங்கள்தான் பப்பா."

"மன்னாரில எங்கட வீட்டில மாடு நிண்டது பிள்ளை. விடிய எழும்பி அதைக் கறக்கிற பஞ்சியிலதான் நான் வெளிநாட்டுக்கே வந்தனான். இனி பிளேன் ஏறிப் போய் வெள்ளைக்காரன்ர மாட்டைக் கறக்கோணுமோ?"

ஞாயிறு பூசை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த மத்தியானம் அது. இத்தாலியின் பலெர்மோ நகரத்தில், போர்கோ வெக்கியோச் சந்தைப் பக்கத்தில் இருக்கிற எங்கள் குசினிக்கு ஒரே ஒரு யன்னல். அதைத் திறந்தால் கீழே அவிக்கிற பேய்க்கணவாயின் வாசமும், மோட்டார் சைக்கிள் சத்தமும், எதிர்வீட்டுக்காரி மகனைத் திட்டுவதும் ஒன்றாக உள்ளே வரும். மூடினால் வெக்கை. நாங்கள் திறந்துதான் வைத்திருப்போம்.

போன வாரம் இந்தப் பத்தியில் என் கல்யாணக் கதையைப் பாதியில் விட்டிருக்கிறேன் என்று தெரியும். சூசை முதன்முதலாக எனக்கு வாங்கித் தந்த சப்பாத்து காலுக்கு அளவு சரிவராமல் போன இடத்தில் நிற்கிறது அது. நிற்கட்டும். இந்த வாரம் எனக்கு வேறொன்றைத்தான் எழுத வருகிறது.

அனிட்டா தொடர்ந்து வாசித்தாள். அமெரிக்காவில் பென்சில்வேனியா என்ற மாநிலம். அங்கே ஆமிஷ் என்று ஒரு கிறிஸ்தவக் கூட்டம் பண்ணை செய்து வாழ்கிறது. வீட்டில் மின்சாரம் எடுப்பதில்லை. கார் ஓட்டுவதில்லை, குதிரை வண்டிதான். தொலைக்காட்சி இல்லை. சில பண்ணைகளில் வெளியாட்கள் வந்து தங்க ஒரு சின்ன வீடு வைத்திருப்பார்கள்.

"வைஃபை?" என்று அவளே தன்னைக் கேட்டு, அவளே "இல்லை" என்று பதில் சொல்லி, மடிக்கணினியை மூடினாள். "மம்மா, மாமா ஏன் இந்த இடத்தைத் தெரிஞ்செடுத்தவர்?"



பிலிப் அண்ணன்

அந்த இடத்தைத் தெரிவு செய்தது என் ஒரே அண்ணன். பெயர் பிலிப். என்னைவிட ஆறேழு வயது மூப்பு. நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது சைக்கிளில் முன்பாரில் ஏற்றிக்கொண்டுபோய் விடுவார். வழி முழுக்க நான் கதைத்துக்கொண்டே போவேன். "வாய் நோகாதோ உனக்கு?" என்று கேட்பார். பிறகு நான் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தால், "ஏன், கோவமோ?" என்பார்.

சண்டைக் காலத்தில் ஒருநாள் எங்கள் வளவுக்குள் ஷெல் விழுந்தது. அண்ணன் உயிர் தப்பினார். கேள்வி தப்பவில்லை. இரண்டு காதும் போய்விட்டது. முதல் சில கிழமை, திரும்பி வரும் என்று வைத்தியர் சொன்னார். நாங்களும் அவருடைய தலைக்குப் பின்னால் நின்று கையைத் தட்டிப் பார்ப்போம். அவர் திரும்புவதில்லை.

பிறகு நாங்கள் சிதறினோம். அண்ணன் இந்தியாவுக்குப் படகில் போய், முகாமில் இருந்து, கடைசியில் ஏதோ ஒரு தேவாலயத்தார் பொறுப்பெடுத்து அவரை அமெரிக்காவுக்குக் கூப்பிட்டார்கள். நான் சூசையைக் கட்டி பலெர்மோவுக்கு வந்தேன். அண்ணன் இப்போது பென்சில்வேனியாவில் ஒரு சீஸ் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். மெஷின் சத்தத்துக்காக எல்லாரும் காதுக்கு மூடி போடவேண்டுமாம். சட்டம் என்றபடியால் அவரும் போடுகிறாராம். இதை எனக்குச் சிரித்துச் சிரித்துச் சொன்னது அவருடைய மனைவி ஜெசி அண்ணி.

அண்ணன் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஜெசி அண்ணி சொல்லித்தான். தொலைபேசி அவருக்குப் பிரயோசனமில்லை. வீடியோ அழைப்பு வந்த பிறகு முகத்தையாவது காணலாம் என்று ஆசைப்பட்டேன். அண்ணி கமராவைத் திருப்புவார். அண்ணன் கையை உயர்த்துவார், சிரிப்பார், எழும்பிப் போய்விடுவார். கனடாவில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணங்களுக்கும் அவர் போவதில்லை. ஆட்கள் வருத்தப்பட்டார்கள். பிறகு கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள்.

அப்படிப்பட்டவர் இந்த ஈஸ்டருக்கு அண்ணி மூலம் சொல்லி அனுப்பினார்.

"மச்சாள், நீங்கள் மூண்டு பேரும் ஓகஸ்டில வரட்டாம். எங்கட வீட்டில இல்லை. ஒரு பண்ணையில எல்லாருமா ஒரு கிழமை நிப்பமாம். இடம் தானே பாத்து வைச்சிருக்கிறாராம்," என்றார் அண்ணி. "ஏனெண்டு என்னட்டைக் கேக்காதேங்கோ. எனக்கும் சொல்லேல்லை."

எங்களுக்குத் தெரிந்த விடுமுறை

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். பலெர்மோத் தமிழருக்கு விடுமுறை என்றால் மூன்று வகைதான். ஊருக்குப் போவது, அதுவும் மன்னாரில் மடு மாதா கோவில் திருவிழாவுக்குத் தோதாக. இல்லையென்றால் பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் மலைக்கு வெறுங்காலோடு ஏறுவது. அதுவும் இல்லையென்றால் ஓகஸ்ட் நடுப்பகுதியில் மொந்தெல்லோக் கடற்கரைக்குச் சோற்றுப் பானையோடு போய், சாப்பிட்டு, மண்ணோடு திரும்பி வருவது. ஓர் இடத்துக்குப் போய்ச் சும்மா இருப்பது என்பது நாங்கள் வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோராக்களிடம் மட்டும் கண்ட விசயம். அவர்கள் போகும்போது நாங்கள் அவர்களுடைய பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றுவோம்.

என் சிஞ்ஞோராவின் பெயர் அகத்தா. பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால் உள்ள ஒரு பழைய மாடிவீட்டில் தனியே இருக்கிறார். தொண்ணூறை நெருங்கும் வயது. அவரைப் பார்த்துக்கொள்வதுதான் பல வருடமாக என் வேலை. இந்தப் பயணத்தைப் பற்றி நான் முதலில் சொன்னது அவரிடம்தான். அவர் மலைப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர்.

"நாங்கள் எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில இருந்து தப்பி இந்தப் பட்டினத்துக்கு ஓடி வந்தனாங்கள், ரீத்தா. நீ கடல் தாண்டி அதைத் தேடிப் போறாய்," என்றார். அவர் சொன்னது இந்தத் தீவின் சிசிலிய மொழியில். என் வாயில் இப்படித்தான் வரும். ரீற்றா என்ற என் பெயரும் அவர் வாயில் ரீத்தாதான்.

சிரித்துவிட்டு, "போ. அண்ணன் கூப்பிட்டா போகத்தான் வேணும்," என்றார்.

திரையில் அண்ணன்

பால் கறக்கிற கதை வந்த அதே ஞாயிறு பின்னேரம் ஜெசி அண்ணி வீடியோவில் வந்தார். சூசை என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கிக்கொண்டார். அவருக்கு மனதில் இருந்தது நியூயோர்க். அவர் சமையற்காரராக இருக்கும் சாப்பாட்டுக்கடைக்கு வருகிற அமெரிக்கர்கள் எல்லாரும் அதைப் பற்றித்தான் கதைப்பார்களாம்.

"அண்ணைக்குச் சொல்லுங்கோ, பண்ணை வேண்டாம் எண்டு. நியூயோர்க்கில ஒரு ஹோட்டல் எடுப்பம். அண்ணையும் வந்து பாக்கட்டும், நாலு இடம் பாத்து, நாலு சனத்தோட பழகினாத்தானே மனுசருக்கு உசார்," என்றார்.

அண்ணி பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, உதட்டை மெதுவாக அசைத்துச் சொன்னார். திரை ஆடியது. அண்ணியின் கையிலிருந்து தொலைபேசியை அண்ணன் வாங்கி மேசையில் நிமிர்த்தி வைத்து, அதற்கு முன்னால் இருந்தார். அவர் அப்படி இருந்து நான் கண்டதேயில்லை. மயிர் முழுக்க நரைத்திருந்தது.

"மச்சான்," என்றார். அந்தக் குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சமனாக வந்தது. தன் குரலைத் தானே கேட்காதவரின் குரல். ஆனால் அண்ணனுடைய குரல்தான். "நான் சொல்லுறதைக் கேளுங்கோ. சனம் கூடுற இடத்தில எல்லாரும் ஒரே நேரத்தில கதைப்பினம். ஆரின்ர வாயைப் பாக்கிறது எண்டு எனக்குத் தெரியாது. எல்லாரும் சிரிப்பினம். நான் ஏனெண்டு தெரியாமச் சிரிப்பன். பிறகு வீட்டை வந்து ரெண்டு நாள் தலையிடி."

சூசை கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். அண்ணன் தொடர்ந்தார்.

"அந்தப் பண்ணைக்காரர் எங்கட தொழிற்சாலைக்குப் பால் குடுக்கிறவை. நான் அங்கை போய் வாறனான். அவை தங்களுக்குள்ள பழைய ஜெர்மன் மாதிரி ஒரு பாஷை கதைப்பினம். எனக்கும் விளங்காது, ஜெசிக்கும் விளங்காது, உங்களுக்கும் விளங்காது. அங்கை விளங்காத ஆள் நான் மட்டும் இல்லை. ரேடியோ இல்லை, ரீவி இல்லை. ஒருத்தர் கதைச்சா மற்றவர் முகத்தைப் பாத்துக்கொண்டுதான் கதைப்பார். என்ர தங்கச்சியோட ஒரு கிழமை அப்பிடி ஒரு இடத்தில இருக்க ஆசை. நியூயோர்க் நீங்கள் பிறகு போகலாம்."

அவர் நிறுத்திவிட்டு, சூசையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், பதில் எப்படி வரப்போகிறது என்று.

சூசை முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோய், ஒவ்வொரு சொல்லாக, "பண்ணைக்கே வாறம் மச்சான்," என்றார்.

அண்ணன் தலையை ஆட்டினார். கையை உயர்த்தினார். அன்றைக்கு எழும்பிப் போகவில்லை. அண்ணி வந்து அழைப்பைத் துண்டிக்கும் வரைக்கும் இருந்தார்.

அனிட்டா மடிக்கணினியைத் திறந்து ஆமிஷ் பண்ணைகளைப் பற்றிய பக்கத்தை மறுபடியும் வாசிக்கத் தொடங்கினாள். இந்த முறை வைஃபையைத் தேடவில்லை.

கொட்டிலுக்குள் தொலைபேசி

அனிட்டா வாசித்தது அந்தப் பகுதிப் பண்ணைகளைப் பற்றிய பொதுவான பக்கம். அண்ணன் சொன்ன பண்ணைக்கு இணையத்தில் தனிப் பக்கம் ஒன்றும் இல்லை. ஒரு தொலைபேசி இலக்கம் மட்டும். அந்தத் தொலைபேசியும் வீட்டுக்குள் இல்லையாம், வயலோரத்தில் ஒரு சின்னக் கொட்டிலுக்குள் இருக்கிறதாம். யாராவது அந்தப் பக்கம் போகும்போது எடுத்து, வந்த செய்திகளைக் கேட்பார்களாம். அனிட்டா நாங்கள் வரும் நாளைச் சொல்லி, தன் சிசிலிய இழுவையோடு ஆங்கிலத்தில் செய்தி விட்டாள். சில நாள் ஒரு பதிலும் இல்லை.

பதில் வந்த மத்தியானம் நானும் வீட்டில் இல்லை, அனிட்டாவும் இல்லை. சூசை மட்டும். அவருடைய ஆங்கிலம் கடைக்கு வருகிற உல்லாசப் பயணிகளிடம் பொறுக்கியது. மீன் புதிது, வைன் இந்த ஊர், கழிப்பறை வலது பக்கம், அவ்வளவுதான்.

நான் வேலை முடிந்து வந்தபோது மனுசன் குசினி வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"பண்ணைக்காரம்மா எடுத்தவ," என்றார்.

"என்ன சொன்னவ?"

"பன்றி இறைச்சி சாப்பிடுவியளோ எண்டு கேட்டா. எல்லாம் சாப்பிடுவம் எண்டன். தங்கட முகத்தைப் படம் எடுக்கக்கூடாதாம். அது அவையின்ர வேதத்துக்குப் பிழையாம். சரி எண்டன். பிறகு நான் கேட்டன், எத்தினை மாடு நிக்குது எண்டு."

"உங்களுக்கேன் அது?"

"சும்மா கேட்டன். அவ சந்தோசமாச் சொன்னா. ஒரு மாட்டுக்குச் சுகமில்லையாம்." கொஞ்சம் யோசித்து, "நல்ல மனுசி," என்றார்.

சிஞ்ஞோரா விழுந்தார்

புறப்பட இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. நல்ல வெயில். நான் குசினியில் கோப்பி போட்டுக்கொண்டிருந்தேன். சிஞ்ஞோரா பல்கனிக் கதவை இழுத்து மூட எட்டியிருக்கிறார். சத்தம் கேட்டு ஓடினால், நிலத்தில் கிடக்கிறார். மணிக்கட்டு முறிந்துவிட்டது. இடுப்பில் அடிபட்டு நல்ல கண்டல். ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். கையில் மாவுக்கட்டு.

இடுப்பு முறியவில்லையே என்று நான் அந்த வராந்தாவிலேயே செபமாலை சொன்னேன். சொல்லி முடிந்தபோது ஒன்று விளங்கியது. நான் போக முடியாது. அவருக்கு இருப்பது ஒரே மகள், மிலானோவில். வருடத்தில் இரண்டு மூன்று முறை வந்து, ஒரு இரவு நின்று போவாள். ஒரு கை இல்லாத கிழவியை யாரிடம் விட்டுப்போவது? என் இடத்துக்கு வேறு ஆள் எடுத்தால், நான் திரும்பி வரும்போது எனக்கு வேலையும் இல்லை.

வீட்டுக்கு வந்து சூசையிடம் சொன்னேன். "நீங்கள் பிள்ளையோட போங்கோ. நான் நிக்கிறன்."

"நீர் இல்லாமல் நாங்கள் ஆரைப் பாக்கப் போறது? அவர் உம்மட அண்ணன்," என்றார் அவர்.

ஜெசி அண்ணிக்குச் சொன்னேன். "இவருக்கு இதை நான் எப்பிடிச் சொல்லுவன் மச்சாள்? வேலையால வந்து ஒவ்வொரு நாளும் அந்தப் பண்ணைக்குப் போய், உங்களுக்கெண்டு கட்டில் எந்தப் பக்கம் போடுறது எண்டு பாத்திட்டு வாறார்," என்றார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் சிஞ்ஞோராவுக்கு சூப் ஊட்டப் போனேன். அவர் வாயைத் திறக்கவில்லை.

"நீ பயணத்தை நிப்பாட்டிப்போட்டாய் எண்டு உன்ர மகள் சொன்னவள்," என்றார்.

அனிட்டா முதல்நாள் அவரைப் பார்க்கப் போயிருந்தாள். ஏன் சொன்னாள் என்று எனக்குக் கோபம் வந்தது. இப்போது இல்லை.

"முதல்ல சாப்பிடுங்கோ."

"போறன் எண்டு சொல்லு. சாப்பிடுறன்."

"சரி. போறன்."

"பொய். பொய் சொல்லேக்க நீ கரண்டியைப் பாப்பாய்."

சூப் ஆறிப்போனது. அவர் இடது கையால் தொலைபேசியைக் காட்டி, மகளுக்கு எடுக்கச் சொன்னார். நான் எடுத்துக் காதில் பிடித்தேன். "சில்வானா, நீ வா. ரீத்தா தன்ர அண்ணனைப் பாக்கப் போறாள்," என்றார். அவ்வளவுதான். பிறகு என்னைப் பார்த்து வாயைத் திறந்தார்.

ஸ்தாசியோனே சென்ட்ராலேயில்

சில்வானா ரயிலில் வந்தாள். ஓகஸ்டில் விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. நான் காலையில் ஸ்டேசனுக்குப் போய்க் காத்து நின்றேன். எனக்கு அவளிடம் பயம். தொலைபேசியில் இரண்டு சொல்லுக்கு மேல் கதைக்கமாட்டாள். சிநேகிதிகளோடு கிரேக்கத் தீவுக்குப் போக இருந்த பயணத்தை நிற்பாட்டிவிட்டு வருகிறாள் என்று வேறு கேள்விப்பட்டிருந்தேன்.

பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தவளிடம், "சிஞ்ஞோரா, உங்கட விடுமுறை என்னாலதான்," என்று தொடங்கினேன்.

அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். கண் இரவு முழுக்கத் தூங்காத மாதிரி இருந்தது.

"அம்மாவோட கடைசியா ஒரு முழுக் கிழமை நிண்டது எப்ப எண்டு ரயிலில யோசிச்சுக்கொண்டு வந்தன்," என்றாள். "ஞாபகம் வரேல்லை." பிறகு, "அவவை எப்பிடிக் குளிப்பாட்டுறது எண்டு எனக்குக் காட்டித் தா," என்றாள்.

சிஞ்ஞோரா வீட்டுக்கு வந்த நாள் காட்டிக் கொடுத்தேன். மாவுக்கட்டுக்குப் பொலித்தீன் சுற்றி, முதுகுக்குத் துவாய் வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து. சில்வானா தண்ணீர் ஊற்றினாள்.

"காதுக்குள்ள தண்ணி விடுறாய்," என்றார் தாய். "ரீத்தா விடமாட்டாள்."

"எனக்குத் தெரியாதே அம்மா. நீங்கள்தான் எனக்கு ஊத்தினீங்கள். நான் உங்களுக்கு ஊத்தினதில்லை."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு நின்ற பிறகு சில்வானாவின் தோள் குலுங்கியது. நான் துவாயை அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்து பல்கனியில் நின்றேன்.

கோவிலில் எனக்குச் சிநேகிதியான பிலோமினா, தன் வேலை முடிந்து பின்னேரங்களில் போய் உதவுவதாகச் சொன்னாள். கேட்காமலே சொன்னாள். சூசையின் முதலாளி, சனம் நிறைகிற மாதத்திலும் அவருக்கு லீவு கொடுத்தார். இந்த ஊரில் இத்தனை வருடம் நாங்கள் மற்றவர்களைத் தாங்கிக்கொண்டிருக்கிறோம் என்றுதான் நினைத்திருந்தேன். எங்களையும் தாங்க ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை நான் இந்தக் கோடையில்தான் எண்ணிப் பார்த்தேன். யாருக்கு முதலில் நன்றி சொல்வது என்று தெரியாமல், விமானம் மேலெழும்பியபோது எல்லாரையும் ஒன்றாக நினைத்துக் கும்பிட்டேன்.

சோள வயல் நடுவே

ஜெசி அண்ணி விமான நிலையத்துக்குக் கார் கொண்டுவந்தார். அண்ணன் வரவில்லை, சனக்கூட்டம். போகப் போக வீடுகள் குறைந்தன. பாதையின் இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் சோளம். ஒரு குதிரை வண்டி எங்களுக்கு முன்னால் தன்பாட்டில் போனது. அண்ணி அதை முந்தவில்லை, பின்னாலேயே மெதுவாக ஓட்டினார்.

அண்ணன் பண்ணை வாசலில் நின்றார். காலையிலிருந்து அங்கேதான் நிற்கிறாராம். நான் காரை விட்டு இறங்கினேன். அவர் என் தலையில் கை வைத்தார். பிறகு இரண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்தார். நாங்கள் அழவில்லை. அழுதது சூசை.

பண்ணைக்காரம்மா வெள்ளைத் தொப்பியோடு வெறுங்காலில் வந்து, அவித்த சோளமும் சூடான பாணும் வைத்துவிட்டுப் போனார். பால் கறப்பது மின்சாரம் இல்லாமல் காற்றழுத்தத்தில் ஓடுகிற ஒரு மெஷின்தான் என்று தெரிந்ததும் சூசைக்கு நிம்மதி. இருந்தாலும் சுகமில்லாத மாட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அன்று பின்னேரம் பண்ணைக்காரர் குடும்பமாக வந்து எங்களோடு இருந்தார்கள். அவர்கள் தங்கள் பாஷையில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அனிட்டாவுக்கு விளங்கவில்லை, எனக்கு விளங்கவில்லை, ஆனாலும் சிரிப்பு வந்தது. அண்ணனும் எங்களோடு சிரித்தார். பக்கத்தில் இருந்தவரை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் சிரித்தார்.

அடுத்த நாள் காலை, கொல்லைப்புற வாங்கில் அண்ணன் என்னை வெயில் படுகிற பக்கம் இருத்தினார், என் வாய் தெளிவாகத் தெரியட்டும் என்று. சூசை படியில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் பலெர்மோவைப் பற்றி, வேலையைப் பற்றி, சிஞ்ஞோராவைப் பற்றிச் சொன்னேன். அவர் ஒரு சொல் விடாமல் பிடித்தார். திடீரென்று என் கையைத் தொட்டு நிறுத்தினார்.

"நான் கடைசியாக் கேட்டது உன்ர பள்ளிக்கூடத்துக் குரல்," என்றார். "கீச்சுக் குரல். இப்ப எப்பிடி? அம்மான்ர குரல் வந்திட்டுதோ உனக்கு?"

எனக்குத் தெரியவில்லை. தன் குரல் எப்படி என்று யாருக்குத் தெரியும்? எங்களைத் தவிர அம்மாவின் குரலைக் கேட்டவர் அங்கே இன்னும் ஒருவர்தான் இருந்தார். நான் சூசையைப் பார்த்தேன்.

அவர் தேநீரை வைத்துவிட்டு எழும்பி வந்தார். அண்ணனுக்கு முன்னால் குந்தியிருந்து, முகத்தை நேரே பிடித்து, மெதுவாகச் சொன்னார்.

"ஓம் மச்சான். மாமியின்ர அதே குரல்தான். கூப்பிட்டா மூண்டாம் மாடியில இருந்து சந்தை வரைக்கும் கேக்கும்."

அண்ணன் அவருடைய வாயையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, கால்களை நீட்டி, நன்றாகச் சாய்ந்து இருந்தார்.

"அப்ப கதை," என்றார். "நிப்பாட்டாமக் கதை."